கடைசிப் பறவையின் தேதி

வலசைப் பறவை வந்த நாளைக் குறிப்பது எளிது. ஆவணி முடிந்து புரட்டாசி பிறக்கும் சமயத்தில் ஒரு காலை, தோட்டத்து ஓரம் நிற்கும் சில்வர் ஓக் மரத்தின் உச்சியிலிருந்து ‘சிஸ்-வீ’ என்று ஒரு குரல் கேட்கும். நேற்று இல்லை, இன்று இருக்கிறது. நோட்டை எடுத்துத் தேதி போட்டுவிடலாம். போன நாளைக் குறிப்பதுதான் பெரும்பாடு. இன்று பார்த்த பறவைதான் கடைசிப் பறவை என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் அதே வழியில் நடந்து, அதே மரங்களுக்குக் கீழே நின்று, இல்லை, இல்லை என்று எழுதிக்கொண்டே வந்தால், வைகாசி பாதியில் நோட்டைப் பின்னால் புரட்டி அந்தத் தேதிக்குக் கீழே ஒரு கோடு போடலாம்.

இளவேனில் வலசையின் முடிவைக் கவனிப்பது என்றால் பெரும்பங்கு இந்த ‘இல்லை’களை எழுதுகிற வேலைதான். பக்கத்துத் தோட்டத்தில் களை எடுக்கும் தங்கச்சி ஒருத்தி என்னைப் பார்த்தாலே கேட்பாள்: “என்னண்ணா, இன்னிக்கும் ஒண்ணும் இல்லைன்னு எழுதியாச்சா?” ஆச்சு என்பேன். கிண்டல்தான், ஆனால் என் வேலையை இதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை.

ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் எட்டிப் பார்க்காத பக்கம் வாழவந்தி. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி, ஏரி, படகு, லேடீஸ் சீட், பகோடா பாயின்ட் என்று சுற்றிவிட்டு மாலையில் இறங்கிவிடுவார்கள். இந்தப் பக்கம் காப்பித் தோட்டம், மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக், பலா, இடையிடையே மலையாளிப் பழங்குடி மக்களின் சிற்றூர்கள், அவர்கள் கோவிலைச் சுற்றி வெட்டாமல் விட்டுவைத்த மரக்கூட்டங்கள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் காப்பியை இந்த மலைக்குக் கொண்டுவந்தார். அதிலிருந்து இங்கே காடு என்பது பெரிய அளவில் நிழல் மரமாகத்தான் மிஞ்சியிருக்கிறது. வடக்கிலிருந்து வரும் சின்னக் குருவிகளுக்கு அது போதும். புழு பூச்சி இருந்தால் அவை மரத்தின் சாதி கேட்பதில்லை. ஆனாலும் பலா, அத்தி, ஆல் என்று பலவகை நிழல் இருக்கும் தோட்டத்தில் கேட்கிற குரல்கள் சில்வர் ஓக் மட்டும் வரிசையாக நிற்கும் தோட்டத்தில் கேட்பதில்லை. இது என் காது சொல்லும் கணக்கு.

நாட்காட்டி இங்கே மழையில்தான் தொடங்கும். பங்குனியிலோ சித்திரை முதலிலோ ஒரு கோடை மழை பெய்தால் அடுத்த எட்டு, பத்து நாளில் காப்பி பூக்கும். தோட்டம் முழுக்க வெள்ளை, மல்லிகையை ஒத்த வாசனை, தேனீக்களின் இரைச்சல். மலை மக்களுக்கு அது அடுத்த வருஷ மகசூலின் முதல் செய்தி. எனக்கு, காதைத் தீட்டிக்கொள்ள வேண்டிய நேரம் வந்துவிட்டது என்பதன் அடையாளம்.

காரணம், குளிர்காலம் முழுக்க ஒரே ஒலியைச் சொல்லிக்கொண்டிருந்த பறவைகள் இப்போது பாடத் தொடங்குகின்றன. பச்சைக் கதிர்க்குருவியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழெட்டுக் கிராம் எடை. கண்ணுக்கு மேலே வெளிறிய புருவக்கோடு, இறக்கையில் மெல்லிய ஒற்றைப் பட்டை. ஆறேழு மாதம் தனக்கென்று சில மரங்களைப் பிடித்து வைத்துக்கொண்டு, இன்னொரு கதிர்க்குருவி உள்ளே வந்தால் ‘சிஸ்-வீ’ என்று விரட்டிக்கொண்டிருக்கும். சித்திரையில் அந்த ஒற்றைக் குரலுக்கு நடுவே வேகமான, உச்சத்தாயிப் பாட்டு ஒன்று பிய்த்துப் பிய்த்து வரும். பகல் நீள்வதை உடம்பு கணக்கு வைத்துக்கொண்டு சுரப்பிகளை எழுப்புவதால் வருகிற பாட்டு அது. முழுப் பாட்டைக் கேட்க இமயமலைக்கோ மத்திய ஆசியாவுக்கோ சைபீரியாவுக்கோ போக வேண்டும். இங்கே கிடைப்பது ஒத்திகை.

பிளித் நாணல் கதிர்க்குருவியின் ஒத்திகை இன்னும் வேடிக்கை. உண்ணிச்செடிப் புதருக்குள் ‘டிக்... டிக்’ என்று நாளெல்லாம் கூழாங்கல் தட்டுகிற பழுப்புக் குருவி அது. நாணல் என்று பெயர், ஆனால் குளிர்காலத்தில் நாணலைத் தேடிப் போவதில்லை. வேலியும் புதரும் போதும். போவதற்குச் சில வாரங்கள் முன்பு அந்தத் தட்டலுக்கு நடுவே அடித்தொண்டையில் முணுமுணுக்கத் தொடங்கும். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் மற்றப் பறவைகளின் குரல்களும் அதில் துண்டு துண்டாக வந்துபோகும். பின்லாந்து வரை போய்க் கூடு கட்டுகிற இனம் இது. அந்த ஊர்ப் பறவைகளில் பல குளிர்காலத்துக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன. இதுவோ நம் பக்கம் திரும்பியிருக்கிறது. 1841 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் கல்கத்தா ஆசியக் கழக அருங்காட்சியகத்தைக் கவனித்த எட்வர்ட் பிளித்தின் பெயர் அதற்கு.

இந்த இரண்டையும் முதலில் சொன்னதற்குக் காரணம் உண்டு. கடைசித் தேதியை நம்பி எழுதத் தகுந்த பறவைகள் இவை. வாய் ஓயாதவை. பச்சைக் கதிர்க்குருவி ஒரு மரத்தில் இருந்தால் கால் மணி நேரத்தில் ஒருமுறையாவது குரல் கொடுத்துவிடும். அந்தக் கால் மணி நேரம் நின்றும் கேட்கவில்லை என்றால், அங்கே இல்லை என்று பெரும்பாலும் நம்பலாம். கொடிக்கால் வாலாட்டி விஷயத்தில் அப்படி எழுத முடியாது. காப்பிச் செடிகளுக்குக் கீழே சருகில் தனியாக நடந்துகொண்டிருக்கும். மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும். இது உடம்பின் பின்பாதியையே இடமும் வலமும் அசைக்கும். மார்பில் இரட்டைக் கறுப்புப் பட்டை. நாம் காலடி வைத்தால் ‘பிங்க்’ என்று ஒரு சத்தத்தோடு எழும்பி மரக்கிளையில் உட்கார்ந்துவிடும். நாம் வேறு வரிசையில் நடந்தால் அது இருப்பதே தெரியாது. அதன் ‘இல்லை’க்கு மதிப்புக் குறைவு. செந்தலைப் பூங்குருவிக்கும் ஈப்பிடிப்பான்களுக்கும் இதே கதை. ஒரே நோட்டில் ஒரே மையில் எழுதினாலும் எல்லா ‘இல்லை’யும் ஒரே எடை உள்ளவை அல்ல என்பதை மனசில் வைத்துக்கொண்டே பட்டியல் போட வேண்டும். புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். பைனாகுலர் எது வாங்கலாம் என்ற கேள்விக்கு அப்புறம் வருவேன். (அதற்கும் பதில்: 8×42. காப்பி நிழலுக்குள் வெளிச்சம் கம்மி, பத்து மடங்கு வைத்தால் கையும் ஆடும், படமும் இருளும்.)

இன்னொரு சிக்கல் இதைவிட நுட்பமானது. குளிர்காலம் முழுக்க இருந்த பறவையும் சித்திரைக் கடைசியில் பார்க்கிற பறவையும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. நம் மலையில் தங்கியது கிளம்பிப் போன பிறகு, இன்னும் தெற்கே தங்கியிருந்தது வடக்கே போகிற வழியில் அதே பலாவில் ஒரு பகல் தங்கிப்போகலாம். அது கேரளத்து மலையிலிருந்தும் வந்திருக்கலாம். குருவியின் காலில் வளையம் இல்லாதபோது இதை எப்படிச் சொல்வது? நடத்தையைப் பார்த்துத்தான். தங்குகிறது மரத்தைக் காக்கும். அடுத்தது வந்தால் விரட்டும். தினம் அதே இடத்தில் கத்தும். வழிப்போக்கன் விரட்டுவதில்லை. இரண்டு மூன்று சேர்ந்து, பெரிதாகச் சத்தம் காட்டாமல், அவசர அவசரமாகப் புழு பொறுக்கிக்கொண்டு வரிசையாக வடக்குப் பக்கத்து மரங்களுக்கு நகரும். சில நாள் ஒன்றுமே இல்லாமல் இருந்துவிட்டு ஒரு காலை திடீரென்று நான்கைந்து தென்பட்டால், அவை புறப்பட்டுவிட்ட கூட்டம் என்றுதான் நான் எழுதுவேன். எனவே என் நோட்டில் ஒரே இனத்துக்கு இரண்டு கடைசித் தேதிகள் இருக்கும்: தங்கியது போன நாள், வழிப்போக்கன் போன நாள்.

இந்தச் சின்னப் பறவைகள் பயணம் போவது இரவில். பொழுது சாய்ந்து, வானம் தெளிவாக இருந்தால் கிளம்பிவிடும். அதற்கு முன் தின்று தின்று உடம்பில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும். வளையமிடும் ஆய்வாளர்கள் பறவையைக் கையில் மல்லாத்திப் பிடித்து, தொண்டைக்குக் கீழே மெதுவாக ஊதுவார்கள். இறகு விலகும். கவட்டை எலும்புக்கு நடுவே உள்ள பள்ளத்தில், மெல்லிய தோலுக்கு அடியில், மஞ்சளாகக் கொழுப்புத் தெரியும். பள்ளம் நிரம்பி மேடு கட்டியிருந்தால் அது பிரயாணத்துக்குத் தயார். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல்லாண்டுகள் வலை விரித்து வளையமிட்டிருக்கிறார்கள். மலையில் எங்களுக்கு வலையும் இல்லை, உரிமமும் இல்லை. வானத்தைப் பார்த்து ஊகிப்பதோடு சரி. சித்திரையில் மலை மேல் மாலை இடி மழை வழக்கம். ராத்திரி முழுக்கப் பெய்து விடிகாலையில் வெறித்தால், அன்றைக்கு எந்த வேலை இருந்தாலும் ஒதுக்கிவைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விடுவேன். பறக்க முடியாமல் இறங்கியவை அன்று கிடைக்கும்.

அப்படிப்பட்ட காலைகளில்தான் ஈப்பிடிப்பான்களைத் தேட வேண்டும். ஆசியப் பழுப்பு ஈப்பிடிப்பானும் பழுப்பு மார்பு ஈப்பிடிப்பானும் தூரத்தில் ஒன்றுபோல இருக்கும்: மங்கல் பழுப்பு, பெரிய கண், கண்ணைச் சுற்றி வெளிறிய வளையம். எடுத்த எடுப்பில் முதுகு நிறத்தைப் பார்த்துப் பெயர் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. காலைப் பார்க்க வேண்டும். ஆசியப் பழுப்புக்குக் கால் கறுப்பு; பழுப்பு மார்புக்கு வெளிறிய மஞ்சள் கலந்த சதை நிறம். அடுத்து அலகின் கீழ்ப்பாதி. முன்னதற்கு அடிப்பக்கம் மட்டும் வெளுத்து நுனி கறுத்திருக்கும்; பின்னதற்கு நுனி வரை மஞ்சள். அது கிளைக்கு மேலே உட்கார்ந்திருக்க, நாம் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பதால் இவை இரண்டும்தான் நமக்கு நன்றாகத் தெரியும் பாகங்கள். பறவை நமக்குச் செய்கிற உதவி அது.

பழுப்பு மார்பு ஈப்பிடிப்பான் வடகிழக்கு இந்தியாவிலும் தென்சீனப் பக்கத்திலும் கூடு கட்டி, குளிர்காலத்தைக் கேரள மலைகளிலும் இலங்கையிலும் கழிக்கிறது. அதன் அறிவியல் பெயர் மஸ்சிக்காப்பா முத்துயி. 1854-இல் அதை விவரித்துப் பெயரிட்டவர் இலங்கையில் அரசுப் பணியில் இருந்த எட்கர் லேயர்ட். முத்து, அவரிடம் வேலை பார்த்தவர். அவருக்காகப் பறவைகளைத் தேடிக் கொண்டுவந்தவர். கவர்னர்களின் பெயரும் கர்னல்களின் பெயரும் பறவைகள் மேல் ஏறிக்கொண்டிருந்த காலத்தில், காட்டுக்குள் அலைந்தவரின் பெயர் ஒன்று தப்பித் தவறி ஏறியிருக்கிறது. அந்தக் குருவியின் மஞ்சள் கால் பைனாகுலருக்குள் தெரிகிறபோதெல்லாம் எனக்கு முத்துவின் ஞாபகம்தான்.

ஆறுமணிக்குருவியைச் சொல்லாமல் வலசைக் கட்டுரை எழுதினால் சேலம் மாவட்டத்தில் யாரும் மன்னிக்க மாட்டார்கள். ஐப்பசியில் களைத்து வந்து வீட்டு வாசலிலும் பள்ளிக்கூட வராந்தாவிலும் விழுகிறதே, ஒன்பது நிறக் குருவி என்று படத்தோடு செய்தித்தாளில் வருகிறதே, அதுதான். திரும்பிப் போகும்போது அந்த ஆர்ப்பாட்டம் எதுவும் கிடையாது. விடியலிலும் அந்தியிலும் சில நிமிடங்கள் ‘வீட்-டியூ’ என்று இரட்டை விசில். மற்ற நேரம் சருகைக் கிளறும் சத்தம் மட்டும். மத்திய இந்தியக் காடுகளிலும் இமயத்து அடிவாரத்திலும் தென்மேற்குப் பருவமழையோடு கூடு கட்ட வேண்டும் என்பதால் சித்திரை முடிவதற்குள் பெரும்பாலும் போய்விடும். அதைப் பார்க்க வேண்டுமென்று செல்பேசியில் அதன் குரலையே ஓட்டிக் காட்டி வெளியே இழுப்பவர்கள் உண்டு. செய்யாதீர்கள். பல நூறு மைல் பறப்பதற்குக் கொழுப்புச் சேர்த்துக்கொண்டிருக்கும் பறவையை, இல்லாத எதிரியைத் தேடி அலையவிடுவது வீண் செலவு வைப்பதுதான். அந்தி ஐந்தே முக்காலுக்கு ஓடைப் பக்கம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் அது தானே கூப்பிடும்.

இந்த மலையில் தேதி போட்டுப் பறவை குறிப்பது புதிதில்லை. 1929-30-இல் ஆர்தர் வெர்னே பணம் கொடுத்து, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பாளர் லாபெர்சோன் கிழக்குத் தொடர்ச்சி மலைகள் நெடுக முகாமிட்டுப் பறவைகளைச் சேகரித்தார். சேர்வராயன் மலையும் அடிவாரத்துக் குரும்பப்பட்டியும் அந்த முகாம்களில் இருந்தன. குரும்பப்பட்டியில் இன்று உயிரியல் பூங்கா இருக்கிறது. அந்தச் சேகரிப்பைப் பறவையியலாளர்கள் விஸ்லரும் கின்னியரும் 1930-களில் கழகத்தின் இதழில் தொடராக எழுதினார்கள். அன்றைய முறை சுடுவது, தோலுரிப்பது, காலில் தேதிச் சீட்டுக் கட்டுவது. முறை எனக்கு உவப்பில்லை. ஆனால் அந்தச் சீட்டு பொய் சொல்லாது. அன்று அந்தப் பறவை அந்த இடத்தில் இருந்தது, அவ்வளவுதான். ‘அதற்குப் பிறகு இல்லை’ என்று எந்தச் சீட்டும் சொல்லாது. முகாம் கிளம்பிவிட்டால் கணக்கும் முடிந்தது. இதே மலைத்தொடரின் ஆந்திரப் பகுதியில் டிரெவர் பிரைஸ் மாதம் தோறும் பறவைகள் வருவதையும் போவதையும் கவனித்து 1979-இல் அதே இதழில் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். ஓரிடத்தில் இருந்து, தொடர்ந்து பார்த்து எழுதினால் என்ன கிடைக்கும் என்பதற்கு அதையே நான் உதாரணம் காட்டுவேன். 2007-இல் மைக்ரன்ட்வாட்ச் என்ற திட்டம் தொடங்கி, வலசைப் பறவைகளின் வருகை, புறப்பாட்டுத் தேதிகளைப் பொதுமக்களிடமிருந்தே வாங்கத் தொடங்கியபோது, என்னைப் போன்ற தோட்டக்காரனின் நோட்டுக்கும் ஒரு மரியாதை வந்தது. இப்போது எல்லாம் ஈபேர்ட் என்ற இணையப் பதிவேட்டில் போகிறது.

சித்திரை முடியும் சமயம் மலை வேறு மாதிரி ஆகிவிடும். அக்னி நட்சத்திரத்துக்குப் பயந்து சமவெளி முழுக்க மேலே ஏறி வரும். கோடை விழா, மலர்க் கண்காட்சி, ஒலிபெருக்கி, கொண்டை ஊசி வளைவில் நிற்கும் வண்டிகள். சேர்வராயன் கோவில் திருவிழாவுக்கு மலையாளி மக்கள் கூடுவார்கள். அது அவர்களுடைய மலை, அவர்களுடைய சாமி. அந்தக் கூட்டத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. மற்றச் சத்தத்துக்குத்தான் வாழவந்திப் பக்கம் ஒதுங்கிக்கொள்கிறேன்.

போகிறவை போகப் போக, இருக்கிறவை குரலை உயர்த்தும். அக்காக்குயில் ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் தாயியை ஏற்றிக்கொண்டே போகும். ஓடைப் பாறையில் சீகாரப் பூங்குருவி மனிதன் விசிலடிப்பது போலவே விசிலடிக்கும். கொண்டைக்குருவிகள் காப்பிச் செடிக்குள்ளேயே, இடுப்பு உயரத்தில் கூடு வைத்துவிடும். மலைப்பாதைப் பாறைகளில் மஞ்சள் தொண்டைச் சின்னானைத் தேடி வெளியூரிலிருந்து வருகிறார்கள்; தென்னிந்தியப் பாறைக் குன்றுகளைத் தவிர வேறெங்கும் இல்லாத பறவை, எங்கும் போகாத பறவை. அதற்குக் கடைசித் தேதி எழுத வேண்டிய நாள் வராமலிருக்க வேண்டும்.

இந்தச் சமயத்தில்தான் தோட்டங்களில் பருவமழைக்கு முன் நிழல் கழிப்பார்கள். தென்மேற்கு மழை பிடிப்பதற்குள் வெளிச்சம் விடாவிட்டால் காப்பிக்கு நோய் வரும். அதை வேண்டாம் என்று சொல்ல நான் யார், என் தோட்டத்திலும் கழிக்கத்தான் செய்கிறேன். கேட்பதெல்லாம் ஒன்றுதான்: மரத்தில் ஆள் ஏறுவதற்கு முன் கீழே நின்று கொஞ்ச நேரம் அண்ணாந்து பாருங்கள். கூடு இருக்கும் கிளையை மட்டும் மழைக்குப் பின்பு கழித்துக்கொள்ளலாம். ஏறுகிற ஆளிடம் சொன்னால் அவரே விட்டுவிடுவார்.

பறவை பார்ப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 2015 முதல் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது; பிப்ரவரியிலும் ஊர் ஊராகக் கணக்கு எடுக்கிறோம். அதனால் தமிழ்நாட்டுப் பட்டியல்கள் தை மாசியில் குவிந்து, வெயில் ஏறியதும் மெலிந்துவிடுகின்றன. மே இரண்டாவது சனிக்கிழமை உலகம் முழுக்க ஒரு நாள் கணக்கு உண்டு. அன்றாவது வெளியே வாருங்கள். ஏற்காடு வரை வர வேண்டாம், உங்கள் தெருவில் வேப்பமரம் இருந்தால் போதும். பதினைந்து நிமிடம் நில்லுங்கள். கேட்ட காகத்தையும் மைனாவையும் விடாமல் எழுதுங்கள். ‘அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் பதிவு செய்தீர்களா?’ என்று ஈபேர்ட் கடைசியில் கேட்கும். ‘ஆம்’ என்று குறியுங்கள். அதைக் குறித்தால்தான் உங்கள் பட்டியலில் இல்லாத கதிர்க்குருவியும் கணக்கில் வரும்.